நட்டத்தில் ஓடும் கம்பெனியின் எம்.டி. (நிர்வாக இயக்குநர்) 'சொந்தக் காரணங்களுக்காக' விலகினால் பங்கை விற்றுவிட வேண்டுமா?

விற்பதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. 'சொந்தக் காரணங்கள்' என்று படித்தாலே எனக்குக் கரூர் லட்சுமி விலாஸ் வங்கிதான் ஞாபகம் வரும்.

2019 ஆகஸ்ட் கடைசியில் அதன் எம்.டி. அப்படிச் சொல்லித்தான் விலகினார். செப்டம்பர் முடிவதற்குள் ரிசர்வ் வங்கி பி.சி.ஏ. கட்டுப்பாடுகளை, அதாவது நலிந்த வங்கிகளுக்கான திருத்த நடவடிக்கைகளை, விதித்தது. அக்டோபரில் வீட்டுக்கடன் நிறுவனமான இந்தியாபுல்ஸுடன் இணையவும் அனுமதி மறுத்தது. இவற்றுக்கும் அவர் விலகியதற்கும் முடிச்சுப் போட நான் வரவில்லை. அந்த ஒற்றை வரியை வைத்துக்கொண்டு பங்குதாரர் எதையும் கணித்திருக்க முடியாது, அவ்வளவுதான்.

அடுத்த வருடம் பங்குதாரர்கள் பொங்கிவிட்டார்கள். 2020 செப்டம்பர் 25 பொதுக்கூட்டத்தில், இடைக்கால எம்.டி. உட்பட 7 இயக்குநர்களின் நியமனத்தை ஓட்டுப் போட்டே தோற்கடித்தார்கள். நம் நாட்டில் அபூர்வமாக நடக்கிற விஷயம். ஆனால் கையில் என்ன மிஞ்சியது? நவம்பர் 17இல் வங்கி முடக்கப்பட்டது. 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது. 27ஆம் தேதி டிபிஎஸ் வங்கி இந்தியாவோடு இணைத்துவிட்டார்கள். டெபாசிட் தப்பியது, பங்கு மூலதனம் மொத்தமும் தள்ளுபடி. 1926இல் தொடங்கிய வங்கியின் பங்கு டீமேட்டில் (பங்குகளை மின்னணு வடிவில் வைக்கும் கணக்கில்) பூஜ்யம். பங்குதாரர்கள் கோர்ட்டுக்குப் போயும் இணைப்பு நிற்கவில்லை.

இப்போது விதிகள் கொஞ்சம் இறுகியிருக்கின்றன. 2023இல் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி செய்த திருத்தப்படி, முக்கிய நிர்வாகிகள் விலகினால் ராஜினாமாக் கடிதத்தையே பங்குச் சந்தைக்குத் தர வேண்டும். விலகல் நடப்புக்கு வந்து 7 நாள் கெடு. கடிதத்திலும் அதே 'சொந்தக் காரணங்கள்' இருந்தால் ஒன்றும் செய்வதற்கில்லை, சரிதான். அதனால் நான் எம்.டி. கடிதத்தோடு நிறுத்த மாட்டேன். சுயேச்சை இயக்குநர் (கம்பெனி நிர்வாகத்தைச் சாராதவர்) விலகினால், சொன்னதைத் தவிர வேறு முக்கியக் காரணம் இல்லையென்று அவர் உறுதி கூற வேண்டும். ஆடிட்டர் பாதியில் கழன்றாலும் விளக்கம் தந்தாக வேண்டும். பி.எஸ்.இ. (மும்பை பங்குச் சந்தை) இணையதளத்தில் அந்தக் கம்பெனியின் ஒரு வருட அறிவிப்புகளைத் தேதிவாரியாகப் பாருங்கள். எம்.டி.க்கு முன்னும் பின்னும் யார் யார் கிளம்பினார்கள், கடன் தவணை எப்போது தவறியது என்று தெரிந்துவிடும்.

இவ்வளவு பேசுகிற நானே ஒருமுறை, ஆடிட்டர் விலகிய அறிவிப்பைப் படித்த பிறகும் மலிவாகக் கிடைக்கிறதே என்று இன்னும் 500 பங்கு வாங்கினேன். கம்பெனி பெயர் வேண்டாம். இன்றும் டீமேட்டில் கிடக்கிறது. விற்கப் போட்டால் வாங்க ஆள் இல்லை.