இரண்டாவது பனிக்காலத்துக்கு முன்

தம்பி, உமது செய்தியை நல்லூர்க் கந்தசுவாமி கோவில் வீதியில் கச்சான் கடைக்கு முன்னால் நின்றபடிதான் வாசித்தேன். இன்று பத்தாம் திருவிழா, சுவாமி மஞ்சத்தில் வரும் நாள். சனத்துக்குள் நின்று பதில் எழுத முடியவில்லை. இப்போது கோண்டாவில் வீட்டு விறாந்தையில் இருந்து எழுதுகிறேன். சோழகக் காற்று பனையோலைகளை ஓயாமல் அடித்துக்கொண்டிருக்கிறது.

நீர் கேட்டது இது. போன கார்த்திகையில் கொக்குவிலிலிருந்து கனடாவுக்கு, ஸ்காபரோவுக்கு வந்தீர். பண்டகசாலையில் இரவு வேலை. ஊரில் நீர் பெரிய பக்தனாக இருந்ததில்லை, ஆனால் மனம் இப்படி வறண்டதும் இல்லை. அங்கே ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போனால் கார் நிறுத்த இடம் தேடிய களைப்போடுதான் திரும்புகிறீர். "முப்பது வருடத்துக்கு மேல் எப்படிச் சமாளித்தீர்கள், அக்கா?"

முதல் ஐந்து வருடம் சமாளிக்கவில்லை. அதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் பொய்யாகிவிடும்.

நான் 1991இல் கனடாவுக்குப் போனேன். பேஸ்மென்ற் அறை. இருந்த ஒரே சன்னலும் தரைமட்டத்தில், பனி கொட்டினால் அதுவும் மூடிவிடும். தமிழ்க் கடையில் இலவசமாகத் தந்த நாள்காட்டியைச் சுவரில் மாட்டி, அதில் போட்டிருந்த விரதம் ஒன்றையும் விடுவதில்லை என்று பிடிவாதமாக நின்றேன். யாழ்ப்பாணத்தை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து அந்த அறைக்குள் இறக்கிவிடலாம் என்ற நினைப்பு. கந்தசஷ்டியின் நான்காம் நாள், வேலைத்தலத்தில் பொதி கட்டும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் மயங்கி விழுந்தேன். வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்றைய சம்பளமும் போயிற்று. முருகன் என்னிடம் கேட்கவில்லை, நான்தான் கொடுக்கப் போனேன்.

ஊரில் நாம் எதையாவது தேடிப் போனோமா, யோசித்துப் பாரும். ஆடிப் பிறப்பென்றால் கூழ் மணம் அடுப்படியிலிருந்து வந்துவிடும். ஐப்பசி மழை பிடித்தால் கிணற்றில் தண்ணீர் ஏறும். மார்கழியில் விடியுமுன்னே சங்கும் சேமக்கலமுமாக இளைஞர்கள் வாசலில் வந்து எழுப்புவார்கள். போர்வையை இழுத்து மூடிக்கொண்டு திட்டினாலும் காதில் விழுந்தது விழுந்ததுதான். கனடாவிலும் பருவங்கள் வருகின்றன, இங்கேயுள்ளதைவிட எடுப்பாகவே வருகின்றன. ஆனால் இரவு வேலை செய்து பகலில் தூங்குகிறவனின் கதவை அவை தட்டுவதில்லை. எழுந்து வெளியே போகவேண்டியிருக்கிறது.

எனக்கு அது ஒரு மார்ச் மாதத்தில் விளங்கியது. பக்கத்து வீட்டுக் கிழவி ஒருத்தி தன் வளவு மேப்பிள் மரத்தில் சிறு துளையிட்டு வாளி தொங்கவிட்டிருந்தாள். இரவு உறைந்து பகலில் உருகும் அந்தச் சில கிழமைகளில்தான் சாறு சொட்டும். ஒரு கோப்பையில் பிடித்துத் தந்தாள். தண்ணீர் போலத்தான் இருந்தது, கடைசியில் நாக்கின் ஓரத்தில் ஒரு மெல்லிய இனிப்பு. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஊரில் பனையிலிருந்து இறக்கும் கருப்பநீர் அதைவிடப் பல மடங்கு இனிப்பு, சுண்ணாம்பு மணமும் உண்டு. அந்த இரண்டையும் ஒன்றென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் மரத்தின் கீழே பாத்திரம் வைத்துக் காத்திருப்பது ஒன்றுதான். நாற்பது லீற்றர் சாற்றைக் காய்ச்சினால் ஒரு லீற்றர் பாகு மிஞ்சும் என்றாள். எங்கள் அம்மம்மா கருப்பநீரைக் காய்ச்சிப் பனையோலைக் குட்டானில் ஊற்றுகிறபோது, "பொறு பொறு" என்று எங்கள் கைகளைத் தட்டிவிடுவது நினைவுக்கு வந்தது. அந்த வருடத்திலிருந்து பங்குனியில் ஒரு நாள் லீவு போட்டு மேப்பிள் தோப்புக்குப் போகிறேன். அதற்கு மந்திரமும் இல்லை, ஐயரும் இல்லை. என் மகள் அதை "அம்மாவின் பங்குனித் திருவிழா" என்று கேலி செய்வாள்.

மற்றது திருவெம்பாவை. இங்கே ஊரில் மார்கழியிலும் பகல் பதினொன்றரை மணி நேரம் இருக்கும், இருட்டு என்றால் என்னவென்று நமக்குத் தெரியாது. ரொறன்ரோவில் அந்த நாட்களில் பகல் 9 மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு. சூரியன் 7.50 அளவில்தான் எழும்பும். ஒருத்தி மற்றவளைத் துயில் எழுப்புகிற பாட்டை, தொடக்கமும் முடிவும் இல்லாத சோதியைச் சொல்லித் தொடங்குகிற பாட்டை, அந்த இருட்டுக்குள் குசினி விளக்கடியில் இருந்து வாசித்தபோதுதான் மாணிக்கவாசகர் எனக்குப் பிடிபட்டார். ஊரில் பாடமாக்கியது வெறும் சத்தமாக இருந்திருக்கிறது. இருபது பாட்டு, பத்து நாள், நாளுக்கு இரண்டு. வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போதும் வாசிக்கலாம். உமக்குத்தான் அது இன்னும் பொருத்தம், ஊர் எழும்புகிற நேரத்தில் வீடு திரும்புகிறவர் நீர்.

வாசிப்பைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல விடும். எங்கள் கோவிலில் புராண படனம் நடக்கும்போது அப்பா பயன் சொல்பவர். ஒருவர் பாட்டை இராகத்தோடு வாசிக்க, அவர் நிறுத்திய இடத்தில் அப்பா பொருள் சொல்லுவார். சிறுமியாக எனக்குத் தூக்கம்தான் வரும். ஆனால் ஒரு பாட்டு, உடனே அதன் பயன், பிறகுதான் அடுத்த பாட்டு என்ற அந்த நிதானம் உள்ளே தங்கிவிட்டது போலும். 1996இல் நானும் மார்க்கம் நகரில் இருந்த ஒரு சிநேகிதியும் தொலைபேசியில் கந்தபுராணம் தொடங்கினோம். அவள் வாசிப்பாள், நான் பயன் சொல்லுவேன். தெரியாத இடத்தில் இருவரும் சண்டை பிடிப்போம். மொத்தம் 10,345 பாட்டு. நாளுக்கு மூன்று என்றாலும் ஒன்பது வருடத்துக்கு மேல் ஆகும். எங்களுக்குப் பதினான்கு ஆனது. யுத்த காண்டத்தில் இருந்தபோது அவளுடைய கணவர் தவறிவிட்டார், ஐந்து மாதம் நிறுத்தினோம். பிறகு அவளேதான் அழைத்து, விட்ட பாட்டிலிருந்து வாசித்தாள்.

நீர் புராணம்தான் வாசிக்கவேண்டும் என்பதில்லை. என் கணவர் கோவில் பக்கமே வரமாட்டார், பழைய ஈழத்துச் சஞ்சிகைகளை "நூலகம்" என்ற இணையத்தளத்தில் பக்கம் பக்கமாக வாசிப்பார். 2005இலிருந்து சேர்த்து வைத்திருக்கிறார்கள், காசு கேட்பதில்லை. ரொறன்ரோ பொது நூலகத்திலும் தமிழ்ப் புத்தகங்கள் உண்டு, அட்டை எடுத்துவிட்டீரா? எதை வாசித்தாலும் ஒருவரோடு சேர்ந்து வாசியும். தனியே தொடங்கிய எதையும் நான் முடித்ததில்லை.

கோவிலை விடச் சொல்லவில்லை. திருவிழா நாட்களை விட்டு, கிழமை நாளில் சனமில்லாத நேரம் போய்ப் பாரும். இரண்டு கிழமைக்கு முன் அப்பாவுக்காகக் கீரிமலையில் ஆடி அமாவாசை செய்தேன், காத்தோட்டிக்காயும் கறி வைத்தோம். வர முடியாத வருடங்களில் ஸ்காபரோ மலைச்சரிவின் கீழே ஒன்ராறியோ ஏரியில் கால் நனைத்துவிட்டு வருவேன். ஏரியில் எதையும் போடுவதில்லை. அப்பா அதைக் குறையாக எடுக்கமாட்டார், சுத்தக்காரர்.

நான் புரட்டாதி நடுவில் திரும்பிவிடுவேன். அந்த நாட்களில் சால்மன் மீன்கள் ஏரியிலிருந்து ஹைலண்ட் கிறீக் ஓடையில் எதிர்நீச்சல் போட்டு ஏறும். கையளவு தண்ணீரில் முழ நீள மீன் முதுகு தெரியத் துள்ளும். உமது வேலை முடிகிற ஒரு காலையில் நேரே வாரும், தேத்தண்ணீரும் சுண்டலும் கொண்டுவருகிறேன். கரை சேறாக இருக்கும், நல்ல சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வந்துவிடாதீர்.