கதை சொல்லி விற்பது: சிறுதொழில்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

தொழிலுக்குக் கதை எழுதுவது பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (செக்கு எண்ணெய், காங்கேயம்): சார், ‘பாட்டி காலத்துப் பாரம்பரியம், நூறு சதவீதம் இயற்கை’ என்று தினமும் ஸ்டேட்டஸ் போடுகிறோம். யாரும் கண்டுகொள்வதில்லை. வேறு என்னதான் சொல்வது?

பதில்: அந்த வரியை எந்தக் கடைக்காரரும் போடலாம், போடுகிறார்கள். அதனால்தான் யார் கண்ணிலும் படவில்லை. உங்கள் எண்ணெய் பாட்டிலைப் பார்த்ததும் வாங்குபவர் மனதில் எழும் முதல் கேள்வி, ‘ஏன் இவ்வளவு விலை?’ என்பதுதான். கதை அதற்குப் பதில் சொல்லட்டும். ஒரு லிட்டர் நல்லெண்ணெய்க்கு இரண்டு கிலோவுக்கு மேல் எள் போகிறது. இது உங்களுக்குத் தெரியும், வாங்குபவர்களில் பலருக்குத் தெரியாது. எள் எந்த ஊரிலிருந்து வந்தது, மூட்டை என்ன விலை, ஆட்டும்போது கருப்பட்டி எவ்வளவு சேர்க்கிறீர்கள், எத்தனை நாள் தெளிய வைக்கிறீர்கள், அடியில் தங்கும் மண்டியை என்ன செய்கிறீர்கள், புண்ணாக்கு யார் வீட்டு மாட்டுக்குப் போகிறது என்று ஒரு நாளைக்கு ஒன்றாக எழுதுங்கள். எள் விலை ஏறும் மாதத்தில் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். நீங்கள் விலையை ஏற்றும்போது காரணம் அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

அப்புறம், செக்கு ஓடும் நேரத்தைப் போட்டு, வந்து பார்க்கக் கூப்பிடுங்கள். நேரில் வருபவர்கள் சிலர்தான். ஆனால் தைரியமாகக் கூப்பிடுகிற கடைக்காரரை, வராதவர்களும் நம்புவார்கள்.

கேள்வி (மசாலாப் பொடி, திருச்சி): அண்ணா, நாங்கள் ஆரம்பித்து ஒரு வருஷம்தான் ஆகிறது. சொல்வதற்குப் பெரிய வரலாறு எதுவும் இல்லையே?

பதில்: 1959-ல் மும்பை கிர்காவில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி மொட்டை மாடியில் அப்பளம் இட்டார்கள். அதுதான் லிஜ்ஜத் அப்பள நிறுவனம். அன்றைக்கு அவர்களிடமும் வரலாறு இல்லை. அந்தக் கதை இன்றும் செல்லுபடியாவதற்குக் காரணம், வேலை நடக்கும் முறை அதை மெய்யாக்கிக்கொண்டே இருப்பதுதான். பிசைந்த மாவை வாங்கிப்போய் வீட்டில் இட்டுக் காயவைத்துத் திருப்பிக் கொடுக்கும் பெண்களே அங்கே உரிமையாளர்கள்.

நம் பக்கத்தில் சிக் ஷாம்பு இருக்கிறது. கடலூரைச் சேர்ந்த சி.கே. ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாயில் தொடங்கினார். அப்பா சின்னி கிருஷ்ணனின் பெயரிலிருந்து வந்ததுதான் ‘சிக்’. அழகான குடும்பக் கதைதான். ஆனால் கிராமங்களில் அவர்கள் செய்தது வேறு: ஒரு பையனை உட்காரவைத்து எல்லோர் முன்னாலும் ஷாம்பு போட்டு அலசி, முடியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்கள். பார்த்தவர்கள் வீட்டில் போய்ச் சொல்ல அதுவே விஷயமாகிவிடும். நீங்கள் மிளகாய் வறுப்பதையும் மல்லி காயவைப்பதையும் காட்டுங்கள். ஒரு வருஷம் போதும்.

கேள்வி (ஊறுகாய், மதுரை): ‘நான்கு தலைமுறை ரெசிப்பி’ என்று கதை எழுதித் தருவதாக ஒரு ஏஜென்சியில் சொல்கிறார்கள். உண்மையில் நானே கற்றுக்கொண்டதுதான். போடலாமா சார்?

பதில்: வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க முடியும். திரும்பவும் செய்தால் 50 லட்சம் வரை போகலாம்.

கற்பனைக் கதை விலையை ஏற்றும் என்பது உண்மைதான். 2009-ல் அமெரிக்காவில் ராப் வாக்கர், ஜோஷுவா கிளென் என்ற இருவர், சுமார் 129 டாலருக்கு வாங்கிய பழைய சாமான்களுக்கு எழுத்தாளர்களிடம் கதை வாங்கிச் சேர்த்து ஈபேயில் ஏலம் விட்டார்கள். 3,600 டாலருக்கு மேல் கிடைத்தது. இதைச் சொல்லி உங்களைச் சம்மதிக்க வைக்கப் பார்ப்பார்கள். ஆனால் அந்தக் கதைகள் கற்பனை என்று எழுதியவர் பெயரோடு தெரிவித்துத்தான் விற்றார்கள். நீங்களே ஊறுகாய் போடக் கற்றுக்கொண்டதை எழுதுங்கள், எனக்கு அதைத்தான் படிக்கத் தோன்றுகிறது.

கேள்வி: எவ்வளவு நீளம் எழுத வேண்டும்?

பதில்: ஸ்டேட்டஸ் என்றால் ஒரு விவரம், ஒரு படம். பாக்கெட்டின் பின்பக்கம் என்றால் நான்கு வரி.

கேள்வி (காஞ்சிபுரம் பட்டு, ஆன்லைன் விற்பனை): நெசவாளர் படத்தோடு சோகமான கதை போட்டால் நன்றாக விற்கிறது என்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் மனசு சொல்வதுதான் சரி. கைத்திறனுக்கு விலை கேட்க வேண்டிய இடத்தில் அவருடைய வறுமையைக் காட்டி இரக்கம் கேட்பது அவரைச் சிறுமைப்படுத்துவது. வேலையைச் சொல்லுங்கள், சொல்ல எவ்வளவோ இருக்கிறது. கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். அதற்கு மூன்று நாடா (குறுக்கு இழையைக் கொண்டு ஓடும் தறிக் கருவி) ஓட வேண்டும், தறியில் துணைக்கு இன்னொருவரும் உட்கார வேண்டும். ஒவ்வொரு ஊடையிலும், அதாவது குறுக்கு இழையிலும், கரை இழையும் உடல் இழையும் ஒன்றை ஒன்று கோத்துக்கொள்ளும். சேலையைத் திருப்பிப் போட்டு அந்தச் சேர்மானத்தைக் கிட்டத்தில் படம் எடுத்துக் காட்டுங்கள். வாங்கியவர் தன் சேலையைத் திருப்பிப் பார்ப்பார், பக்கத்தில் இருப்பவருக்கும் காட்டுவார்.

நெசவாளரின் பெயரும் படமும் போடுவதென்றால், எழுதியதை முதலில் அவருக்குப் படித்துக் காட்டுங்கள். வீட்டில் கலந்து பேசிச் சொல்லட்டும். வேண்டாம் என்றால் தறியையும் கையையும் மட்டும் போடுங்கள். அவர் பெயரால் கூடுதல் விலை கிடைத்தால் கூலியிலும் அது தெரிய வேண்டும். இதில் எனக்கு இரண்டு கருத்து கிடையாது.

கேள்வி (சிறுதானியக் கஞ்சி மாவு, தருமபுரி): ‘உங்கள் மாவு குடித்து சுகர் போய்விட்டது’ என்று ஒரு அம்மா வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருக்கிறார். அதைப் போடலாமா?

பதில்: போடாதீர்கள். உணவுப் பொருள் நோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்ய, உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ-யின் விதிகள் இடம் தருவதில்லை. வாடிக்கையாளர் வாயால் வந்தாலும் நீங்கள் எடுத்துப் போட்டால் அது உங்கள் விளம்பரம்தான். அதைக் கேட்டு யாராவது மாத்திரையை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதையும் நினைத்துப் பாருங்கள். கட்டி தட்டாமல் எப்படிக் கரைக்கிறார், காலையில் யார் யார் குடிக்கிறார்கள் என்று அந்த அம்மாவிடம் கேட்டு, அவர் அனுமதியோடு அதைப் போடுங்கள்.

கேள்வி (பம்ப் தயாரிப்பு, கோவை): எங்களிடம் வாங்குவது ஃபவுண்டரி, சாயப்பட்டறை ஆட்கள். அவர்கள் எங்கே சார் கதை கேட்கப் போகிறார்கள்?

பதில்: கேட்பார்கள், பழுதின் கதை என்றால் கடைசி வரை கேட்பார்கள். நீர்மூழ்கி மோட்டார் அடிக்கடி எரிகிறது, வைண்டிங் மாற்றியும் நிற்கவில்லை என்று ஓரிடத்தில் கூப்பிடுகிறார்கள் என்று வையுங்கள். வோல்டேஜ்தான் காரணம் என்று முதலில் சந்தேகப்படுகிறீர்கள். அளந்து பார்த்தால் அது சரியாக இருக்கிறது. கோடையில் போர்வெல் நீர்மட்டம் இறங்கி, மோட்டார் தண்ணீர் இல்லாமல் ஓடியிருக்கிறது. பம்பைக் கீழே இறக்கி, தண்ணீர் தீர்ந்ததும் தானாக நிற்கும் ஏற்பாட்டை பேனலில் சேர்க்கிறீர்கள். இப்படி நிஜமாக நடந்த வேலை ஒன்றை, இதே வரிசையில் ஒரு பக்கம் எழுதுங்கள். முதல் சந்தேகம் பலிக்காமல் போனதை வெட்டிவிடாதீர்கள், படிக்கிற மெக்கானிக்கும் அதைத்தான் முதலில் நினைத்திருப்பார். வாடிக்கையாளர் பெயர் போட அனுமதி தராவிட்டால் ‘திருப்பூர்ப் பக்கம் ஒரு சாயப்பட்டறை’ என்று எழுதினால் போதும். மீட்டர் அளவுகளையும் ஆன செலவையும் சேர்த்து, முதலாளிக்கு அனுப்புவதற்கு முன்னால் மெயின்டனன்ஸ் பார்ப்பவருக்கு அனுப்புங்கள்.