பூச்சிமருந்தைக் காட்டும் பேனா: வாங்கலாமா?

கேள்வி: காய்கறியில் குத்தினால் மூன்றே விநாடியில் பூச்சிமருந்து இருக்கிறதா என்று பச்சை, சிவப்பு விளக்கில் காட்டும் பேனா ஒன்றை ஆன்லைனில் பார்த்தேன். ‘பயோசென்சர்’ என்று போட்டிருக்கிறது. விலை 4,000 ரூபாய். வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. வாங்கலாமா?
— ஒரு வாசகி, ஒட்டன்சத்திரம்

பதில்: அதற்கு ஸ்ட்ரிப் உண்டா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் வேண்டாம்.

சர்க்கரை பார்க்கும் குளுக்கோமீட்டர் பல வீடுகளில் இருக்கிறது. அசல் மின்வேதி பயோசென்சர் அதுதான். ஒவ்வொரு முறையும் புது ஸ்ட்ரிப் செருகுகிறோம் அல்லவா? அதில் காயவைத்துப் பூசிய நொதி (என்சைம்), ரத்தத்திலுள்ள குளுக்கோஸோடு வினைபுரியும்போது எழும் சிறு மின்னோட்டத்தைத்தான் மீட்டர் அளக்கிறது. நொதி இல்லாமல் ‘பயோ’ ஏது?

பூச்சிமருந்து சென்சரும் இதே சங்கதிதான், ஆனால் தலைகீழாக. அசெட்டைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதி (நம் நரம்பிலும் பூச்சியின் நரம்பிலும் இருப்பது) மின்முனையில் இருக்கும். குளோர்பைரிபாஸ், மோனோகுரோட்டோபாஸ் போன்ற பூச்சிமருந்துகள் அதை முடக்கிவிடும். மருந்து கூடக்கூட மின்னோட்டம் குறையும். இதற்குக் காயிலிருந்து சாறெடுத்து நொதியோடு சில நிமிடமாவது விட்டுவைக்க வேண்டும். அப்படியும் ஆர்கனோபாஸ்பேட் (மேலே சொன்ன இரண்டும் இந்த வகை), கார்பமேட் வகைகள்தான் சிக்கும். வேறு வகையைச் சேர்ந்த சைபர்மெத்ரின் தெளித்த கத்தரிக்காய் தப்பிவிடும்!

குத்தினால் எண்ணோ விளக்கோ காட்டும் இந்தப் பேனாக்கள் பெரும்பாலும் மின்கடத்துதிறனைத்தான் அளக்கின்றன; தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டருக்கு ஒன்றுவிட்ட தம்பி. உப்புத்தண்ணீரில் முக்கினாலே எண் எகிறும். கீரையில் இயல்பாகவே பொட்டாசியம், நைட்ரேட் அதிகம். பாவம், அதுவும் சிவப்பு விளக்கு வாங்கிவிடும். மோனோகுரோட்டோபாஸோ மின்சாரம் கடத்தும் உப்பு அல்ல. குடிநீருக்கான ஐ.எஸ். 10500 தரத்தில் அதன் வரம்பு லிட்டருக்கு 1 மைக்ரோகிராம். டி.டி.எஸ். மீட்டரில் ஓர் எண் ஏறுவது என்றாலே லிட்டருக்கு 1 மில்லிகிராம், அதாவது 1,000 மைக்ரோகிராம்!

உண்மையாகவே தெரியவேண்டுமானால் என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களைச் சோதித்து அங்கீகரிக்கும் தேசிய வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் கொடுக்கலாம். ஒவ்வொரு கத்தரிக்காய்க்கும் செய்கிற செலவல்ல அது. சொந்தத் தோட்டத்துக் கிணற்றுநீர் மேல் சந்தேகம் என்றால் ஒருமுறை பார்ப்பது நியாயம். எந்த மருந்துகளைத் தேடவேண்டும் என்று எழுதிக் கொடுங்கள்; பொதுவான குடிநீர்ப் பரிசோதனையில் பூச்சிமருந்து சேராது.

அன்றாடச் சமையலுக்குக் குழாய்த் தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள், தோல் சீவமுடிந்ததைச் சீவுங்கள். மேலே ஒட்டியது பெருமளவு போகும். செடி உறிஞ்சி உள்ளே போனது போகாது.

ஏற்கெனவே வாங்கி ஏமாந்தவர்கள் விளம்பரத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம்.