எலுமிச்சைப் புல்லில் தோன்றும் தேமல் எந்த வைரஸால் வருகிறது என்பதை எப்படி உறுதி செய்வது?

பென்னாகரம் பக்கத்தில் எலுமிச்சைப் புல்லும் பாமரோசா என்ற வாசனைப் புல்லும் பயிரிட்டிருக்கும் நீங்கள், இளம் இலைகளில் வெளிர்பச்சைக் கீற்றுகள் தெரிவதாகவும், அது எந்த வைரஸ் என்று அறிய வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். பாலக்கோடு வட்டத்தில் நானும் இதே புல்லைப் பயிரிடுகிறேன். கண்ணால் பார்த்து வைரஸ் என்று ஐயப்படலாமே தவிர, அதன் பெயரைச் சொல்லிவிட முடியாது.

முதலில் இரும்புச்சத்துக் குறைபாட்டை விலக்குங்கள். சுண்ணாம்பு மிகுந்த நிலத்தில் இலை நரம்புகள் பச்சையாக நிற்க, இடைப்பகுதி நுனி முதல் அடி வரை ஒரே சீராக வெளுக்கும். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்துத் தெளித்தால் பச்சை திரும்பும். வைரஸால் வரும் தேமலிலோ கீற்றுகள் துண்டு துண்டாக, ஒழுங்கற்ற ஓரத்துடன் இருக்கும். குருத்தை ஒட்டிய இலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் தெளிவாகத் தெரியும். அன்னபேதிக்கு அது மசியாது.

புல்வகைப் பயிர்களின் தேமலில் முதலில் ஐயப்பட வேண்டியது பாட்டிவைரஸ் என்ற வைரஸ் பேரினத்தையே. கரும்புத் தேமல் வைரஸ், சோளத் தேமல் வைரஸ், மக்காச்சோளக் குட்டைத் தேமல் வைரஸ் ஆகியவை இதில் அடங்கும். அசுவினிப் பூச்சி சில நொடிகள் உறிஞ்சினாலே இவற்றைப் பரப்பிவிடும் என்பதால், கரும்பும் சோளமும் அருகருகே நிற்கும் நம் வட்டாரத்தில், வயலைச் சுற்றி என்ன பயிர் இருக்கிறது என்பதையும் மாதிரியோடு எழுதி அனுப்புவது நல்லது.

ஆய்வகத்தில் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஏறத்தாழ 750 நானோமீட்டர் நீளமுள்ள வளையும் இழைகள் தெரிந்தால் பாட்டிவைரஸ் என்ற ஊகம் வலுப்படும். வைரஸின் புரதத்தை எதிர்ப்புப் புரதங்களைக் கொண்டு கண்டறியும் எலைசா சோதனை மலிவானது. ஆனால் நெருங்கிய உறவுள்ள வைரஸ்கள் ஒன்றுக்கொன்று குறுக்கே வினைபுரியக்கூடும் என்பதால், அதன் முடிவை மட்டும் வைத்துப் பெயர் சூட்டுவதை நான் ஏற்பதில்லை. வைரஸின் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றிப் பெருக்கும் ஆர்.டி.-பி.சி.ஆர் மூலம் அதன் மேலுறைப் புரத மரபணுவைப் பெருக்கி, அதன் வரிசையைப் படித்து, தெரிந்த வைரஸ்களோடு ஒப்பிட வேண்டும். நியூக்ளியோடைடு (மரபணு எழுத்து) ஒற்றுமை சுமார் 76 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் அது தனி இனமாக இருக்கலாம்.

மாதிரிக்கு முற்றிய இலை வேண்டாம். அறிகுறி தெளிவாக உள்ள இளம் இலைகளையும், நல்ல தூரிலிருந்து எடுத்த இலைகளையும் தனித்தனியே காகிதத்தில் சுற்றி, ஐஸ் பெட்டியில் வைத்து விரைவாக அனுப்புங்கள். பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டுவிட்டு, கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பயிர் நோயியல் துறையை அணுகலாம்.

எலுமிச்சைப் புல்லைத் தூர் பிரித்து நடுவதால் நோயும் கூடவே நடப்படுகிறது. ஆகவே முடிவு வரும்வரை ஐயத்துக்குரிய தூரிலிருந்து நாற்று பிரிக்காதீர்கள், பக்கத்து வயலுக்கும் கொடுக்காதீர்கள்.