21 நாள் செய்தும் நடைப்பயிற்சி ஏன் பழக்கமாகவில்லை?

தினமும் நடக்கத் தொடங்கிப் பாதியில் நின்றுவிடுகிறது, 21 நாளில் பழக்கமாகிவிடும் என்றார்களே என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த 21 நாள் கணக்கை முதலில் விட்டுவிடுங்கள். மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் 1960-இல் எழுதியதிலிருந்து கிளம்பியது அது. அறுவை சிகிச்சை முடிந்தவருக்குத் தன் புது முகம் பழகக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்றுதான் அவர் சொன்னார். நடைப்பயிற்சியை யார் உள்ளே இழுத்துவிட்டார்களோ!

லண்டன் யூனிவர்சிட்டி காலேஜின் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரம் கவனித்து எழுதிய ஆய்வு 2010-இல் வந்தது. யோசிக்காமல் தானாகச் செய்யும் நிலை வர நடுத்தரமாக 66 நாள் என்றும், ஆளைப் பொறுத்து 18 முதல் 254 நாள் வரை என்றும் கணக்கிட்டார்கள். தண்ணீர் குடிப்பது போன்ற எளிய காரியம் சீக்கிரம் படிந்தது, உடற்பயிற்சிக்குக் கூடுதல் நாள் பிடித்தது. ஆகவே உங்களிடம் குறை எதுவும் இல்லை.

சரி, அத்தனை நாள் எப்படித் தாக்குப்பிடிப்பது? எப்படியும் தினமும் நடக்கிற ஒரு வேலையோடு ஒட்டிவிடுங்கள். சேலத்தில் எங்கள் அம்மாப்பேட்டையில் ஜனவரி 1 விடியற்காலையில் குமரகிரி மலைக்கோயில் படிக்கட்டில் புதுமுகங்களாகத் தெரியும். பொங்கல் கழிந்தால் பழைய ஆட்கள்தான் மிச்சம். ஆனால் எங்கள் தெருவில் தறி ஓட்டும் அண்ணன் ஒருவர் செய்தது வேறு. பால் பாக்கெட் வாங்க பைக்கை எடுக்காமல் நடந்து போனார், அவ்வளவுதான். கொஞ்ச நாள் கழித்து முக்குக் கடையை விட்டு அடுத்த தெருக் கடைக்குப் போனார். அப்புறம் இன்னும் தள்ளி. மழையோ தலைவலியோ, பால் வராமல் வீட்டில் காபி கிடையாது. மன உறுதிக்கு அங்கே வேலையே இல்லை. நானும் அதையேதான் செய்கிறேன்.

ஆடியில் இதெல்லாம் கொஞ்சம் குலையும். மாரியம்மன் பண்டிகைக்கு வீடு நிறைய உறவுக்காரர்கள், ராத்திரி வண்டி வேடிக்கை என்று அலங்கார வண்டிகளின் ஊர்வலம், காலையில் யார் எழுந்திருப்பது? ஒரு நாள் தவறினால் பழக்கம் பெரிதாகப் பின்வாங்குவதில்லை என்று அதே ஆய்வு சொல்கிறது. விட்டதை ஈடுகட்ட மறுநாள் இரண்டு மடங்கு நடப்பதுதான் வம்பு. கால் வலிக்கும், மூன்றாம் நாளும் போகும்.

ஒரு பழக்கத்தை விடுவதற்கும் இதே வழிதான், தலைகீழாக. வேலை முடிந்து வரும் வழியில் தட்டுவடை செட் கடை இருந்தால் வாயைக் கட்டுவது கஷ்டம், வேறு தெரு வழியாக வருவது சுலபம். (சனிக்கிழமை நான் பழைய தெரு வழியாகத்தான் வருவேன். தட்டுவடை செட்டை முழுக்க விட்டுவிட்டு சேலத்தில் இருப்பதில் அர்த்தமில்லை.)

நீங்கள் ஷிஃப்ட் வேலை பார்ப்பவர் என்றால் 'காலை 5 மணி' என்று கடிகாரத்தோடு கட்டாதீர்கள், வாரத்துக்கு வாரம் அறுந்துபோகும். எந்த ஷிஃப்டாக இருந்தாலும் சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைப்பீர்கள் அல்லவா? வைத்த கையோடு செருப்பை மாட்டித் தெருமுனை வரை போய் வாருங்கள். முதல் மாதம் அதற்கு மேல் ஒரு அடிகூட வேண்டாம்.