மருந்து ஆய்வு வேலைக்கு மகளை அனுப்பலாமா? ஒரு தாய்க்குப் பதில்

அன்புள்ள அம்மா,

பி.எஸ்சி. நர்சிங் முடித்த மகளுக்கு மருத்துவமனையொன்றில் மருந்து ஆய்வு ஒருங்கிணைப்பாளர் வேலை கிடைத்திருக்கிறது. "ஏழைபாழைகள் மேல் மருந்தைச் சோதித்துப் பார்க்கிற பாவத்துக்கா இவளை நான்கு வருடம் படிக்க வைத்தேன்?" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பயத்தில் நியாயம் உண்டு. ஒன்றுபட்ட ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் 2009-இல் சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட்டுப் பார்த்தபோது, பெற்றோர் இடவேண்டிய கையெழுத்தைப் பல பிள்ளைகளுக்கு விடுதிக் காப்பாளர்களே இட்டார்கள். நாடாளுமன்றக் குழு 2013-இல் அதைக் கடுமையாகக் கண்டித்தது. அந்த விடுதிகளில், "தாய் தகப்பனிடம் சொல்லாமல் ஊசி போடக் கூடாது" என்று மறித்து நிற்க ஒருவர் தேவைப்பட்டார். உங்கள் மகளுக்கு வந்திருப்பது அந்த வேலை.

நம் ஊரிலேயே நடந்த இன்னொன்றையும் சொல்கிறேன். 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் ஆய்வு மையம் தொடங்கியது. சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் படுக்கவைத்து நல்ல சாப்பாடு போட்டால்தான் காசநோய் தீரும் என்று உலகம் நம்பிய காலம். ஏழை நோயாளிகள் 193 பேரை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் ஒரு பாதியைச் சானடோரியத்துக்கு அனுப்பினார்கள். மறு பாதியை வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தார்கள். நெருக்கடியான வீடு, அரைவயிற்றுச் சோறு. அப்படியிருந்தும் வீட்டிலிருந்தவர்கள் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். கூட இருந்த குடும்பத்தாருக்கும் அதனால் நோய் கூடுதலாகத் தொற்றவில்லை. 1959-இல் முடிவு வெளியானபின், காசநோய்க்கு மருத்துவம் பார்க்கும் முறையே உலகெங்கும் மாறியது. வசதியுள்ளவர்களை மட்டும் சேர்த்திருந்தால் இது தெரியவந்திருக்காது. நோயாளி வீட்டுக்கே போய், மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று சரிபார்த்த ஊழியர்கள் இல்லாவிட்டாலும் தெரியவந்திருக்காது.

யாரைச் சேர்க்காமலோ தனியாகக் கவனிக்காமலோ விடுகிறோமோ அவர்கள் தலையில்தான் பிழை விடியும். ஸோல்பிடெம் என்ற தூக்க மாத்திரை பல ஆண்டுகள் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவில் கொடுக்கப்பட்டது. பெண்ணின் உடலிலிருந்து அது மெதுவாகவே வெளியேறுகிறது, காலையில் வண்டி ஓட்டும்போதும் மயக்கம் இருக்கலாம் என்று கண்டு, 2013-இல்தான் அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு பெண்களுக்கான அளவைப் பாதியாகக் குறைத்தது.

மகளின் நாள் எப்படிப் போகும் என்று கேட்டிருந்தீர்கள். முதல் வேலை, புரியவைப்பது. ஆய்வுத் தகவல் தாளில் இருக்கும் தமிழைப் படித்தால் எனக்கே மூச்சு முட்டும். கூலி வேலைக்குப் போகிற ஒரு அம்மாவிடம் அதை அவர் பேச்சில் சொல்ல வேண்டும். வேண்டாமென்று எப்போது விலகினாலும் வழக்கமான சிகிச்சை நிற்காது என்பதையும் சேர்த்து. எழுதப் படிக்கத் தெரியாதவரென்றால் ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சி கூடவே இருக்க வேண்டும். அடுத்தமுறை அவர் வராவிட்டால் "ஒத்துழைக்கவில்லை" என்று எழுதிவிடுவது எளிது. அன்றைய கூலி போய்விடும் என்பதால் வரவில்லை, கடைசி பஸ் ஐந்து மணிக்கு என்பதால் வரவில்லை என்று கண்டுபிடித்து, பயணச் செலவும் இழந்த கூலியும் கேட்டு வாங்கித் தருவது நல்ல ஒருங்கிணைப்பாளரின் அடையாளம். கிராமத்தில் வளர்ந்த பெண்ணுக்கு இது சொல்லித்தராமலே வரும். அதை ஒரு தகுதியாக வேலையில் சேரும்போதே சொல்லச் சொல்லுங்கள்.

மற்ற நேரமெல்லாம் ஒழுங்கு. மருந்துக் குளிர்பெட்டி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கிறதா என்று நாள்தோறும் குறிப்பது. பதிவேட்டில் பிழை வந்தால் வெள்ளை மை பூசாமல், ஒற்றைக் கோடு அடித்து, சுருக்கொப்பமும் தேதியும் இடுவது. பங்கேற்பவருக்கு மோசமான பாதிப்பு ஏற்பட்டால், ஆய்வை நடத்தும் மருத்துவர் 24 மணி நேரத்துக்குள் தெரிவித்தாக வேண்டும் என்கின்றன 2019-ஆம் ஆண்டின் விதிகள். அந்த அறிக்கைக்கு வேண்டியதை ஓடி ஓடிச் சேர்ப்பதும் பெரும்பாலும் ஒருங்கிணைப்பாளர்தான். பொறுமையில்லாத பிள்ளைக்கு இந்த வேலை ஒத்துவராது. உங்கள் மகளை நீங்கள்தான் அறிவீர்கள்.

தொடக்கச் சம்பளம் பெரிதாக இருக்காது. இரண்டு மூன்று வருட அனுபவத்துக்குப் பிறகு பல ஆய்விடங்களுக்குப் போய்ச் சரிபார்க்கும் மானிட்டர் வேலை, மருந்துகளின் பக்கவிளைவுகளைக் கண்காணிக்கும் மருந்துப் பாதுகாப்புப் பிரிவு என்று வழிகள் திறக்கும். மானிட்டர் வேலைக்கு ஊர் ஊராகப் போக வேண்டியிருக்கும், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன்: "நூறு சதவீத வேலை உறுதி" என்று சொல்லி லட்சக்கணக்கில் கேட்கும் டிப்ளமா படிப்பில் பணத்தைப் போடாதீர்கள். நகையை அடகுவைத்துக் கட்டிவிட்டு என் முன்னால் அழுத பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். நல்ல ஆய்வு நடைமுறைக்கான பயிற்சி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. சென்னையில் உள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனத்தின் சுகாதார ஆய்வுப் பாடங்களையும் என்.பி.டி.இ.எல். என்ற இணையவழிப் படிப்புத் தளம் வழியாகக் கட்டணமின்றிப் படிக்கலாம். தேர்வெழுதிச் சான்றிதழ் பெறத்தான் சிறு தொகை.

வேலையில் சேருமுன் அந்த மருத்துவமனையில் மூன்று கேள்விகளை மகள் கேட்கட்டும். ஆய்வுக்கு அனுமதி தந்து பங்கேற்பவர் நலனைப் பார்த்துக்கொள்ளும் நெறிமுறைக் குழு முறையாகப் பதிவு செய்யப்பட்டதா? ஒரே நேரத்தில் எத்தனை ஆய்வுகளை அவள் தலையில் கட்டுவார்கள்? பங்கேற்பவர் பாதிக்கப்பட்டால் மருத்துவச் செலவையும் இழப்பீட்டையும் யார் தருவார்கள்? மூன்றாவது கேள்விக்கு மழுப்பினால் அந்த இடம் வேண்டாம். ஆய்வு இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் இருக்கிறதா என்பதை நீங்களே இணையத்தில் பார்க்கலாம். பார்த்துவிட்டு, அடுத்த வாரம் அவளையும் அழைத்துக்கொண்டு வாருங்கள்; நியமனக் கடிதத்தை மூவருமாக உட்கார்ந்து படிப்போம்.