மதிப்பெண் 14, நான்கே நாளில் 9: எதை நம்புவது?

கேள்வி: மனச்சோர்வை அளக்கும் பிஎச்க்யூ-9 படிவத்தை இணையத்தில் நிரப்பினேன். 14 வந்தது. பயந்துபோய் நான்கு நாள் கழித்து மறுபடி நிரப்பினால் 9. எது சரி? 9 என்றால் டாக்டரிடம் போக வேண்டாம்தானே?

பதில்: படிவத்தின் முதல் வரியைப் பாருங்கள். 'கடந்த இரண்டு வாரங்களில்' என்றுதான் கேட்கிறது. நான்கு நாள் இடைவெளி என்றால், இரண்டு தடவையும் நீங்கள் கணக்கில் எடுத்த நாட்களில் பத்து ஒன்றேதான். மாறியது பெரும்பாலும் பேனா பிடித்த நேரத்து மனசு. தூங்காத இரவுக்கு மறுநாள் 'பல நாட்கள்' என்ற விடை 'கிட்டத்தட்ட தினமும்' ஆகிவிடும். இரண்டு வாரம் விட்டு நிரப்பினால்தான் ஒப்பிட முடியும். அப்போது 5 புள்ளி இறங்கியிருந்தால் அதைப் பொருட்படுத்தலாம்.

ஒன்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. 5-லிருந்து லேசானது, 10-லிருந்து மிதமானது, 15-லிருந்து சற்றுக் கடுமை, 20-லிருந்து கடுமை. 10 வந்தால் நேரில் பரிசோதிப்பது நல்லது என்பதே பொதுவான வழக்கம். இது தீவிரத்தை அளக்கும் கருவி. நோய் இன்னதென்று தீர்ப்புச் சொல்வதில்லை.

மொத்தத்தைவிட, அது எங்கிருந்து வந்தது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். தூக்கம், களைப்பு, பசி, கவனம் நான்குக்கும் மூன்று மூன்று, மந்தமான அசைவுக்கு இரண்டு போட்டாலே 14 வந்துவிடும். ஆனால் முதல் இரண்டு கேள்விகள், அதாவது எதிலும் நாட்டமின்மையும் மனம் வாடியிருப்பதும், பூஜ்யம். அப்படிப்பட்டவருக்குத் தைராய்டும் ரத்தசோகையும் பார்க்காமல் மனச்சோர்வு என்று சொல்லிவிட முடியாது. அந்த இரண்டில் ஒன்றாவது பாதி நாட்களுக்கு மேல் இருந்தால் கதையே வேறு; மனச்சோர்வாக இருக்கலாம் என்றே பார்க்க வேண்டும்.

ஒன்பதாவது கேள்வி தனி. செத்துப்போனால் தேவலை, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்ற எண்ணம் பற்றியது அது. அங்கே 1 இருந்தாலும் மொத்தம் எவ்வளவு என்று பார்க்கவே வேண்டாம், உடனே மருத்துவரிடம் பேசுங்கள். எண்ணம் வலுத்தால் தனியாக இருக்காமல் அவசர உதவியை நாடுங்கள்.

சரி, உங்கள் 9? படிவத்தின் கடைசியில், மதிப்பெண்ணில் சேராத ஒரு கேள்வி உண்டு: இவற்றால் வேலை, வீடு, பிறருடன் பழகுவது எவ்வளவு சிரமமாகிறது? இணையப் பக்கங்கள் சில அதை விட்டுவிடுகின்றன. அதற்கு உங்கள் பதில் 'மிகவும் சிரமம்' என்றால், 9 என்று பார்க்காமல் போங்கள். போகும்போது எண்ணை மட்டும் சொல்லாமல், நிரப்பிய இரண்டு படிவங்களையும் கையோடு கொண்டுபோங்கள்.